பெயர் மறந்த படம்

ரந்தாவ் பட்டணத்தை ஒட்டிய வீடமைப்புப் பகுதியில், மகளின் குடும்பத்தோடு வாழும் மூதாட்டி ஒருவரை மனத்தில் கொள்வோம். எழுபது வயதைக் கடந்தவர். மணமாகித் தோட்டத்திற்கு வந்த நாள்முதல், அத்தோட்டம் விற்கப்படும்வரை பால்மரம் சீவியவர். தீபாவளிக்கு முந்திய ஓர் இரவு, முறுக்கு மாவைப் பிசைந்துகொண்டே, படிவம் நான்கில் பயிலும் பேரனிடம் ஒரு படத்தின் கதையைச் சொல்லத் தொடங்குகிறார்.

படத்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. நடித்தவர்களின் பெயரும் தெரியவில்லை. விடியுமுன் ஒரு பெண் பெரட்டுக்குப் போகிறாள். அவளுடைய மகன் பட்டணத்தில் தங்கிப் படிக்கிறான். அவனிடமிருந்து கடிதம் வருகிறது. அவளுக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு நிரைக்குள் போகிறாள். மழை பிடித்துக்கொள்கிறது. மரத்தில் கட்டிய மங்குகளில் பாலோடு மழைநீரும் கலந்து வழிகிறது, கடிதமும் நனைகிறது.

“தியேட்டர்ல பாத்தீங்களா, பாட்டி?”

“தியேட்டர்ல இல்லப்பா. டிவியில போட்டாங்க. ஒரே ஒரு தடவதான் போட்டாங்க. அந்தப் படத்துல எல்லாரும் நம்மள மாதிரியே பேசுனாங்க. அதான் இன்னும் மறக்கல.”

பேரன் கைப்பேசியில் தேடுகிறான். ‘தோட்டம்’, ‘கடிதம்’, ‘மழை’, ‘பழைய படம்’ என்று மாற்றி மாற்றித் தட்டெழுதுகிறான். எம்.ஜி.ஆர். வருகிறார், சிவாஜி வருகிறார், ஊட்டித் தேயிலைத் தோட்டங்கள் வருகின்றன. பாட்டி சொன்ன படம் மட்டும் வரவில்லை.

“எல்லாம் தமிழ்நாட்டுப் படமாவே வருது, பாட்டி.”

“அது நம்ம ஊரு படம்யா. இங்க எடுத்தது.”

இப்படி ஒரு படத்தைத் தேடும் மூத்தவர்கள் நெகிரி செம்பிலானில் மட்டுமன்று, உலகின் பல மூலைகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் தேடுவது பெரும்பாலும் திரையரங்குப் படங்களை அல்ல. தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பட்ட படங்களை. திரையரங்குப் படத்திற்குச் சுவரொட்டி உண்டு, பாட்டுப் புத்தகம் உண்டு, இசைத்தட்டு உண்டு. அது ஊர் ஊராகச் சுற்றும். சில ஆண்டுகள் கழித்து மீண்டும் திரையிடப்படும். அதனால் அது மறைந்து போனாலும் சுவடு எங்கேனும் எஞ்சியிருக்கும். தொலைக்காட்சிப் படத்தின் நிலை வேறு. ஒரு மாலை அது ஒளிபரப்பாகும். வீட்டில் இருந்தவர்கள் பார்ப்பார்கள். அன்று பார்க்கத் தவறியவர், மறு ஒளிபரப்பு இல்லையேல், தவறவிட்டவரே.

அமெரிக்காவில் இவ்வகைப் படங்கள் 1964ஆம் ஆண்டில் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் வாரம் ஒரு புதிய படம் என்னும் அளவுக்கு அவை பெருகின. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், 1971இல் ‘டூயல்’ என்னும் தொலைக்காட்சிப் படத்தை இயக்கியபோது அவருக்கு வயது இருபத்து நான்கு. நெடுஞ்சாலையில் ஒரு காரை ஒரு லாரி விடாமல் துரத்துகிறது, அவ்வளவுதான் கதை. அப்படம் பிற நாடுகளில் திரையரங்குகளிலும் ஓடியதால் பிழைத்துக்கொண்டது. அதனோடு பிறந்த நூற்றுக்கணக்கான படங்களுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. சிறுவயதில் அவற்றைப் பார்த்தவர்கள் பழைய வீடியோ நாடாக்களைத் தேடி அலைந்தார்கள். 2009ஆம் ஆண்டில் வார்னர் நிறுவனம், கடைகளில் விற்காத தன் பழைய படங்களைக் கேட்பவருக்கு மட்டும் டிவிடி வட்டில் பதிந்து அனுப்பும் முறையைத் தொடங்கியது. அப்பட்டியலில் பழைய தொலைக்காட்சிப் படங்களும் இடம்பெற்றன. இந்தியாவில் சத்யஜித் ராய், பிரேம்சந்தின் சிறுகதையை 1981இல் ‘சத்கதி’ என்னும் பெயரில் தூர்தர்ஷனுக்காகப் படமாக்கினார். எடுத்தவரும் எழுதியவரும் பெரியவர்கள் என்பதால் அதையும் இன்று தேடிப் பார்க்க முடிகிறது.

பெரிய பெயர் எதுவும் இல்லாத படங்களே காணாமல் போகின்றன. பாட்டியின் படம் அந்த இனத்தைச் சேர்ந்தது.

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. இரண்டாம் அலைவரிசை 1969இல் வந்தது. வண்ண ஒளிபரப்பு 1978ஆம் ஆண்டு டிசம்பரில் அறிமுகமானது. சிரம்பானுக்கு அருகே ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரமுள்ள தெலாப்பா புரோக் மலையின் உச்சியில் நிற்கும் கோபுரங்களிலிருந்து அலைகள் இறங்கிவர, லயத்து வீடுகளின் கூரைமேல் நீண்ட கம்பங்கள் எழுந்தன. காற்றடித்தால் கம்பம் திரும்பிக்கொள்ளும். ஒருவர் வெளியே நின்று அதைத் திருப்ப, உள்ளிருந்து மற்றொருவர், “இன்னும் கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... ஆ, விடு!” என்று கத்துவது அக்காலத்து மாலைப்பொழுதின் ஓசைகளுள் ஒன்று.

தொலைக்காட்சி வருவதற்கு முன்னரே தோட்டத்து மக்களுக்குப் படம் புதிதன்று. திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, வெள்ளைத் துணியைக் கட்டி, இரவில் படம் காட்டும் வழக்கம் இருந்தது. தகவல் இலாகாவின் வண்டியும் வந்து போகும். துணியின் முன்புறம் இடம் கிடைக்காத பிள்ளைகள் பின்புறம் அமர்ந்து படம் பார்ப்பார்கள். அவர்களுக்கு எழுத்துகள் தலைகீழாகத் தெரியாவிட்டாலும் இடவலமாக மாறித் தெரியும். கதாநாயகன் இடக்கையால் வாள் வீசுவான்.

வீட்டிலேயே படம் பார்க்கும் வசதி மெல்லத்தான் வந்தது. முதல் தடை மின்சாரம். பல லயங்களில் மின்விளக்கே இல்லாத காலத்தில், காரின் பேட்டரியை இணைத்துச் சிறிய தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கினார்கள். பேட்டரியை மிதிவண்டியின் பின்னால் கட்டி, பட்டணத்துக் கடைக்குக் கொண்டுபோய் மின்னேற்றி வருவது வீட்டிலுள்ள பையனின் வேலை. அது படத்தின் நடுவே தளர்ந்துவிட்டால் திரையில் உருவம் நாலாபுறமும் சுருங்கிக்கொண்டே போகும். பிறகு ஜெனரேட்டர் மின்சாரம் வந்தது. அதுவும் நாள் முழுவதும் இருக்காது. அந்தி சாயும் நேரத்தில் இயக்குவார்கள். இரவு பத்து மணியளவில் நிறுத்திவிடுவார்கள். தோட்டத்திற்குத் தோட்டம் அந்த நேரம் சற்று முன்பின்னாக இருக்கும். தொழிலாளர் குடியிருப்புகளுக்குப் போதிய மின்சாரமும் குழாய் நீரும் தரப்பட வேண்டும் என்று 1990ஆம் ஆண்டின் சட்டம் வலியுறுத்தும் அளவிற்கு அது ஒரு பெருங்குறையாக இருந்தது.

எண்பதுகளில் வீடியோ நாடா வந்து சேர்ந்தது. ஜப்பானின் ஜேவிசி நிறுவனம் 1976இல் வெளியிட்ட விஎச்எஸ் முறையே இங்கும் வேரூன்றியது. வீடியோ இயந்திரம் வாங்குவது தொழிலாளியின் கைக்கு எட்டாத காரியம். ஆகவே நாலைந்து குடும்பங்கள் காசு போட்டு, சிரம்பானிலோ பகாவிலோ உள்ள கடையில் இயந்திரத்தையும் மூன்று நான்கு படங்களையும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து வருவார்கள். திருமண வீடு, தீபாவளி, தோட்டத்துக் கோயில் திருவிழா என்றால் கட்டாயம் வீடியோ இருக்கும். கடையில் கிடைத்தவை பெரும்பாலும் தமிழ்நாட்டுப் படங்கள். உள்ளூர்த் தமிழ் நாடகங்களையும் தொலைக்காட்சிப் படங்களையும் ஆர்.டி.எம். ஒளிபரப்பியது. அவற்றைப் பெட்டி போட்டு விற்கும் வணிகம் பெரிதாக வளரவில்லை. வேண்டுமென்றால் ஒளிபரப்பாகும்போது தாமே பதிவு செய்துகொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் வீடியோ நாடாவின் அமைப்பைச் சற்று அறிந்துகொள்வது நல்லது. மூன்று மணிநேர நாடாப் பெட்டியில் ஏறக்குறைய 260 மீட்டர் நீளமுள்ள நெகிழி நாடா சுற்றப்பட்டிருக்கும். அதன் அகலம் 12.7 மில்லிமீட்டர். அதன்மேல் இரும்பு ஆக்சைடுத் துகள்கள் பசையோடு கலந்து பூசப்பட்டிருக்கும். இயந்திரத்தினுள் நிமிடத்திற்கு 1,500 முறை சுழலும் உருளை, அத்துகள்களைக் காந்தமாக்கிப் படத்தை எழுதுகிறது. எழுதியதை அழித்து மீண்டும் எழுதலாம். இதுதான் நாடாவின் வசதி. இதுதான் அதன் ஆபத்தும். பெட்டியின் விளிம்பில் சிறுவிரல் நகமளவு ஒரு நெகிழித் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் இயந்திரம் அந்த நாடாவில் பதிய மறுக்கும். உடைத்த பள்ளத்தை ஒட்டுநாடாவால் மூடினால் மறுபடியும் பதியும்.

ஒரு நாடாவின் விலை அன்று குறைவன்று. ஆகையால் வீட்டிலிருந்த இரண்டு மூன்று நாடாக்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். சென்ற வாரம் பதிந்த நாடகத்தின்மேல் இந்த வாரப் படம். அதன்மேல் ஒரு காற்பந்தாட்டம். அதன்மேல் அத்தையின் மகள் திருமணம். அதை யாரும் குற்றமாக எண்ணவில்லை. பெரிய நிறுவனங்களே அப்படித்தான் செய்தன. இங்கிலாந்தின் பிபிசி, அறுபதுகளில் எடுத்த ‘டாக்டர் ஹூ’ தொடரின் பல பகுதிகளின் நாடாக்களை மறுபயனுக்காக அழித்துவிட்டது. அவற்றுள் ஒன்பது பகுதிகளின் படச்சுருள்கள் 2013இல் நைஜீரியாவிலிருந்து கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டபோது உலகச் செய்தியாயிற்று. லயத்து வீட்டில் ஒருவர், “இது இருக்கட்டும், இத அழிக்க வேணாம்” என்று சொல்லி அந்தச் சிறு துண்டை உடைத்திருந்தால், அந்த ஒரு நொடியில்தான் ஒரு படம் பிழைத்தது.

பாட்டியின் மகள், அதாவது பேரனின் அம்மா, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சொல்கிறார்: “அப்பா அதப் பதிஞ்சு வெச்சாரும்மா. எனக்கு ஞாபகம் இருக்கு. நான் ஐந்தாம் ஆண்டு படிச்சப்ப. தீபாவளி சமயம்.”

தாத்தா தவணையில் வாங்கிய இயந்திரம் எப்போதோ பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டது. நாடாக்கள் மட்டும் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. வீடு மாறியபோதும் அந்த டின் கூடவே வந்தது.

தோட்டங்களிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் எவற்றைத் தூக்கிக்கொண்டு வந்தன என்பதே ஒரு தனிப்பாடம். நெகிரி செம்பிலானில் இரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பின்னர் செம்பனையும் சாய்க்கப்பட்டுச் சாலைகளும் வீடுகளும் எழுந்தன. நீலாயிலும் செண்டாயானிலும் இன்று அடுக்கு வீடுகள் நிற்கும் நிலத்தில் ஒரு காலத்தில் நிரைகள் இருந்தன. தோட்டம் என்னும் சொல், சில இடங்களில் தமிழ்ப்பள்ளியின் பெயர்ப்பலகையில் மட்டும் எஞ்சியிருக்கிறது. ஆயக்கொட்டகை எப்படியிருந்தது, பெரட்டுக் களத்தில் கிராணி எங்கே நின்று பெயர் வாசித்தார், பால் நிறுக்கும் இடத்தில் பெண்கள் எப்படி வரிசை பிடித்தார்கள் என்பவற்றைக் காட்டும் நிழற்படங்கள் தொழிலாளர் வீடுகளில் அரிது. திருமணத்திற்கு மட்டுமே படம் பிடித்தார்கள். வேலைக்குப் போகும்போது யார் படம் பிடிப்பார்? உள்ளூர்த் தொலைக்காட்சிப் படங்களை எடுத்தவர்கள் உண்மையான தோட்டத்தில் படம் பிடித்திருந்தால், கதையைத் தேடிப்போன கருவி, தான் அறியாமலேயே லயத்தையும் பதிந்துகொண்டது.

பிற்காலத்துத் திரைப்படங்கள் இரண்டை இங்கு நினைவுகூரலாம். தீபக் குமாரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் வெளிவந்தது; அறுபதுகளின் தோட்ட வாழ்வைக் காட்டியது. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015இல் வந்தது. தோட்டம் சிதறிய பின், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஒரு சிறுவனின் குடும்பத்திற்கு நேர்ந்ததைச் சொன்னது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வு பெற்றது. இவை நல்ல படங்கள். தேடினால் இவற்றைப் பற்றிய செய்திகள் கிடைக்கும். ஆயினும் இவை கடந்த காலத்தைத் திரும்பிப் பார்த்தவை. எண்பதுகளில் எடுத்த தொலைக்காட்சிப் படம் திரும்பிப் பார்க்கவில்லை. அது அன்றைய பேச்சை அன்றே பதிந்தது. பாட்டி தேடுவதும் அதைத்தான்.

1996இல் ஆஸ்ட்ரோ வந்தது. வானவில் அலைவரிசையில் நாள்தோறும் தமிழ். அதே காலத்தில் விசிடி வட்டுகள் இரவுச் சந்தையில் குவிந்தன. ஒரு வட்டில் எழுபத்து நான்கு நிமிடமே கொள்ளும் என்பதால் ஒரு படம் இரண்டு மூன்று வட்டுகளாக வரும். வீடியோ நாடா பரணுக்குப் போயிற்று. 2016இல் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் தன் கடைசி வீடியோ இயந்திரத்தைச் செய்து முடித்தது. அதற்குப்பின் புதிய இயந்திரம் செய்வார் இல்லை. 2019 அக்டோபரில் மலேசியாவின் பழைய முறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பும் நின்று, மின்னிலக்க ஒளிபரப்பு முழுமையானது. யுனெஸ்கோவின் துணையோடு 2019இல் தொடங்கிய காந்த நாடா எச்சரிக்கைத் திட்டம், 2025ஆம் ஆண்டளவில் பழைய நாடாக்களை ஓட்டும் கருவிகள் எளிதில் கிடைக்காமற்போகும் என்று எச்சரித்தது.

கருவி கிடைத்தாலும் நாடா தாங்க வேண்டும். நம் நாட்டு வெப்பமும் ஈரமும் நாடாவுக்குப் பகை. துகள்களைப் பிடித்து நிற்கும் பசை ஈரத்தை உறிஞ்சி நாளடைவில் பிசுபிசுக்கும். பூஞ்சணம் வெண்மாவுபோல் விளிம்பில் படரும். பூஞ்சணம் பிடித்த நாடாவை அப்படியே இயந்திரத்தில் போட்டால், அது அறுந்துபோகலாம். இயந்திரத்தின் தலைப்பகுதியும் கெடும். அடுத்துப் போடும் நல்ல நாடாவிற்கும் பூஞ்சணம் தொற்றும். ஆர்வ மிகுதியில் பலர் செய்யும் தவறு இது. முதலில் பெட்டியின் மூடியைத் தூக்கி நாடாவைப் பார்க்க வேண்டும். வெண்மை தெரிந்தால் அனுபவமுள்ளவரிடம் தூய்மைப்படுத்தக் கொடுக்க வேண்டும். அதன்பிறகு இயந்திரத்திலிருந்து மஞ்சள், வெள்ளை, சிவப்புக் கம்பிகளைப் பதிவுக் கருவியொன்றில் செருகி, அதைக் கணினியோடு இணைக்கலாம். குறுக்கு வழி கிடையாது: மூன்று மணிநேர நாடாவை மாற்ற மூன்று மணிநேரம் ஆகும்.

பேரன் பிஸ்கட் டின்னைத் திறக்கிறான். ஐந்து நாடாக்கள். ஒன்றில் ‘சித்தி கல்யாணம்’ என்றும், இன்னொன்றில் ‘காவடி’ என்றும் தாத்தாவின் கையெழுத்து. மூன்றாவதில் எதுவும் எழுதவில்லை. ஆனால், அதன் விளிம்பிலுள்ள சிறு துண்டு உடைக்கப்பட்டிருக்கிறது. சிரம்பானில் பழைய வானொலிகளைப் பழுது பார்ப்பவர் ஒருவரிடம் ஓடும் நிலையில் ஓர் இயந்திரம் இருக்கிறது. அவர் நாடாவைத் துடைத்து, மெல்ல ஓட்டி, கோப்பாக மாற்றித் தருகிறார்.

வீட்டுத் தொலைக்காட்சியில் அதைப் போடுகிறார்கள். திரையில் கோடுகள் ஓடுகின்றன. ஒரு சவர்க்கார விளம்பரம், பிறகு தீபாவளி வாழ்த்து, பிறகு சட்டென்று ஒரு வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். படம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. தாத்தா பொத்தானை அழுத்துவதற்குள் பெயர் ஓடி மறைந்திருக்கிறது.

“இதான்... இதேதான்!” என்கிறார் பாட்டி.

விளம்பரங்களை விட்டுவிட்டுப் பதிபவரைக் கெட்டிக்காரர் என்று அன்று புகழ்வதுண்டு. தாத்தா அந்தக் கெட்டிக்காரத்தனம் காட்டாதது நல்லதாயிற்று. தீபாவளி வாழ்த்தும், அம்மா ஐந்தாம் ஆண்டு படித்த கணக்கும் சேர்ந்தால் ஆண்டும் நாளும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். அன்றைய நாளிதழ்களில் தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல் அச்சாகும். 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேசன்’ போன்ற இதழ்களின் பழைய பிரதிகளை நூலகங்களிலும் ஆவணக்காப்பகங்களிலும் கேட்டுப் பார்க்கலாம். பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலுள்ள தேசிய நூலகத்திற்குப் போய்வர வேண்டும் என்று பேரன் குறித்துக்கொள்கிறான்.

திரையில் மழை பிடித்துவிட்டது. பெண் கடிதத்தை மடியிலிருந்து எடுக்கிறாள். மை கரைந்திருக்கிறது. அவள் அதை எடுத்துக்கொண்டு கிராணி வீட்டை நோக்கி நடக்கிறாள். கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கும் வேளையில் படம் நடுங்கி, ஒரு கோடாகி, வெறும் மணல் இரைச்சலாகிறது.

“என்னாச்சு? டேப்பு கெட்டுப் போச்சா?” என்று பேரன் கேட்கிறான்.

“கெடலப்பா. மணி பத்து. லைட்ட நிப்பாட்டிட்டாங்க,” என்கிறார் பாட்டி.

“அப்ப நீங்களும் முடிவப் பாக்கலயா?”

“அன்னிக்கு நான் எங்க நம்ம வீட்டுல இருந்தேன்? கிராணி வீட்டுல முறுக்கு சுட்டுக் கொடுக்கப் போயிருந்தேன். அவங்க வீட்டுக்கு லைன் வேற; ராத்திரி முழுக்க இருக்கும். அங்கதான் கடைசிவரைக்கும் பாத்தேன். கிராணி கடுதாசியப் படிக்கிறாரு. மவன் பரீட்சையில பாஸாயிட்டான்.”

“இல்லம்மா,” என்கிறார் மகள். “நானும் உங்ககூட அங்கதான் இருந்தேன். கடுதாசில ஒன்னுமே படிக்க முடியல. எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சு. அந்தம்மா மறுநாளு பஸ் ஏறி மவனப் பாக்கப் போவாங்க. அதோட படம் முடிஞ்சிரும்.”

“பாஸாயிட்டான்டி. நான் அழுதேனே!”

“நீங்க அழுதது பஸ்ஸப் பாத்தும்மா.”

பேரன் படத்தைப் பின்னோக்கி ஓட்டி, கதவு தட்டும் இடத்திலிருந்து மறுபடியும் போடுகிறான்.